ஆசிரியர் பயிற்சியில் மாணவர் சேர்க்கை: தமிழகத்தில் கட்டுப்பாடு வளர்ந்த வரலாறு

தனியார் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் யாரைச் சேர்க்கலாம், எத்தனை பேரைச் சேர்க்கலாம், அவர்களிடம் எவ்வளவு வாங்கலாம் என்ற மூன்று கேள்விகளையும் தமிழகத்தில் நெடுங்காலம் ஒரே பிடியில் வைத்திருந்தது அரசுத் தேர்வு. கட்டடம் கட்டுவதும் ஆள் சேர்ப்பதும் நிர்வாகத்தின் கையில் இருந்தாலும், முடிவில் தேர்வு நடத்துவதும் சான்றிதழ் தருவதும் கல்வித்துறைதான். அந்தத் தேர்வுக்கான அனுமதிச் சீட்டு கிடைக்காத மாணவருக்கு இரண்டு ஆண்டுப் படிப்பும் வீண். இந்தப் பிடி மானியம் இருந்த காலத்தில் உறுதியாக நின்றது. மானியம் இல்லாத நிறுவனங்கள் பெருகியபோது தளர்ந்தது. தளர்ந்த பிடியை இறுக்க நீதிமன்றமும் மத்திய அரசும் மாநில அரசும் மாறி மாறி முயன்றதே பின்வந்த அரை நூற்றாண்டின் கதை.

தொடக்கத்தில் சேர்க்கை ஒரு சிக்கலே இல்லை. தரங்கம்பாடியில் மிஷனரி சீகன்பால்கு 1716-இல் தம் பள்ளிகளுக்கு வேண்டிய உபதேசியார்களையும் ஆசிரியர்களையும் தாமே உருவாக்க ஒரு பயிற்சிப் பள்ளி வைத்தார். சென்னை எழும்பூரில் இருந்த ராணுவச் சிறுவர் அநாதை இல்லத்துக்கு 1789-இல் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், மணலில் விரலால் எழுதிப் பழகும் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளைக் கண்டு அம்முறையைத் தம் இல்லத்தில் புகுத்த விரும்பினார். அவருக்குக் கீழிருந்த ஆசிரியர்கள் அதை ஏற்கவில்லை. ஜான் ஃபிரிஸ்கின் என்ற 8 வயதுச் சிறுவனிடம் பொறுப்பைக் கொடுத்தார். அவன் மணல் பரப்பிய பலகையில் சின்னப் பிள்ளைகளுக்கு அகர வரிசை கற்றுக்கொடுத்தான். நம் திண்ணைப் பள்ளிகளின் சட்டாம்பிள்ளை முறைக்கு நெருங்கிய இந்த ஏற்பாட்டைப் பெல் 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட, அது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்து முழுவதும் பரவியது. ஆசிரியராக வருபவரைத் தேர்ந்தெடுத்துப் பழக்க வேண்டும் என்ற எண்ணத்துக்குச் சென்னை இப்படி மிக முன்பே இடம் தந்திருந்தது.

அரசு இதைத் தன் கடமையாக எடுத்துக்கொள்ள நாள் ஆனது. சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1826-இல் எழுதிய குறிப்பில், மாவட்டங்களுக்கு ஆசிரியர்களை அனுப்பச் சென்னையில் ஒரு பயிற்சிப் பள்ளி வேண்டும் என்று வலியுறுத்தினார். அடுத்த ஆண்டே அவர் காலராவில் இறந்துபோனார், திட்டம் நிலைபெறவில்லை. 1854-இல் வந்த சார்லஸ் வுட்டின் கல்வி ஆணைதான் அடித்தளம் இட்டது. தனியார் பள்ளிகளுக்கு நிபந்தனையோடு மானியம், ஆசிரியர்களுக்குப் பயிற்சிப் பள்ளி என்ற இரண்டு கொள்கைகளும் அதில் சேர்ந்தே இருந்தன. 1855-இல் அலெக்சாண்டர் அர்பத்நாட் சென்னை மாகாணத்தின் முதல் பொதுக்கல்வி இயக்குநரானார். 1856-இல் ஆசிரியர்களைப் பயிற்றும் அரசு நார்மல் பள்ளி திறக்கப்பட்டது. அதுவே பின்னர் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது. 1880-களில் சென்னைப் பல்கலைக்கழகம் பட்டதாரிகளுக்கான எல்.டி. என்ற ஆசிரியர் பயிற்சிப் பட்டத்தைத் தொடங்கியது.

அந்தக் காலத்துப் பயிற்சி மாணவர் பணம் கட்டிப் படித்தவர் அல்லர். உதவித்தொகை வாங்கிப் படித்தவர். பயிற்சி முடிந்ததும் குறிப்பிட்ட காலம் ஆசிரியராக வேலை செய்வதாக எழுதிக்கொடுத்த பிறகே தொகை கிடைக்கும். அரசின் பணம் செலவாவதால் யாரைச் சேர்ப்பது என்பதில் ஆய்வாளருக்கு அக்கறை இருந்தது. மிஷன்கள் தங்கள் பயிற்சிப் பள்ளிகளில் தங்கள் சபைப் பிள்ளைகளையே பெரும்பாலும் சேர்த்தன; ஆனால் பயிற்சி பெற்ற ஆசிரியர் இருந்தால்தான் பள்ளிக்கு மானியம் ஒழுங்காக வரும் என்பதால், அரசு சொன்ன கல்வித் தகுதியையும் வயதையும் மீற அவற்றுக்குக் காரணம் இல்லை. தனிச்சட்டம் ஏதும் இல்லாமலே சேர்க்கை நெறிப்பட்டதற்கு இதுவே காரணம். சென்னைக் கல்வி விதிகளும் மானிய விதிகளும் போதுமானவையாக இருந்தன.

ஹையர் கிரேடு, செகண்டரி கிரேடு என்ற ஆசிரியர் பிரிவுகள் அந்த விதிகளிலிருந்து வந்தவை. இன்றும் தமிழகத்தில் இடைநிலை ஆசிரியர் என்று சொல்வது செகண்டரி கிரேடு ஆசிரியரைத்தான். பட்டதாரிகளுக்கான தனியார் கல்லூரிகள் மெல்ல வந்தன: வேப்பேரியில் புனித கிறிஸ்டோபர் கல்லூரி 1923-இல், ராயப்பேட்டையில் மெஸ்டன் கல்லூரி 1937-இல். விடுதலைக்குப் பின் காரைக்குடியில் அழகப்பர் நிறுவியதும், பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்வியியல் கல்லூரியும், கோவை ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தின் கல்லூரியும் 1950-ஐ ஒட்டித் தோன்றின. காமராஜர் ஆட்சியில் ஊருக்கு ஊர் தொடக்கப் பள்ளி திறந்தபோது ஆசிரியர் தேவை பெருகி, பயிற்சிப் பள்ளிகளும் கூடின. இவற்றில் தனியாருடையவை பெரும்பாலும் அரசு உதவி பெற்றவை. ஊழியரின் சம்பளம் கருவூலத்திலிருந்து வந்ததால், இடஒதுக்கீடும் தகுதி மதிப்பெண்ணும் அங்கே பெரிய தகராறு இன்றி நடைமுறையாயின. சேர்க்கையில் வகுப்புவாரி ஒதுக்கீட்டுக்கு 1951-இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் தடை வந்ததும், அதே ஆண்டில் முதல் அரசியலமைப்புத் திருத்தம் 15(4) பிரிவைச் சேர்த்து அதற்கு வழிவிட்டதும் பயிற்சிப் பள்ளிகளையும் உள்ளடக்கிய பொது வரலாறு.

1970-களில் விதிகள் சட்டமாயின. தமிழ்நாடு அங்கீகரிக்கப்பட்ட தனியார் பள்ளிகள் (ஒழுங்குமுறை) சட்டம் 1973-லும், தனியார் கல்லூரிகள் (ஒழுங்குமுறை) சட்டம் 1976-லும் வந்தன. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு 1977-இல் தனி விதிகள் வகுக்கப்பட்டன. அதே காலத்தில் 42-ஆம் திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. அன்று அதன் விளைவு ஆசிரியர் பயிற்சியில் யார் கண்ணிலும் படவில்லை. 1973-இல் டெல்லியில் அமைந்த தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் அப்போது ஆலோசனை மட்டும் சொல்லும் அமைப்பு; அதற்குச் சட்ட அதிகாரம் இருக்கவில்லை.

கட்டுப்பாடு உடைந்தது 1980-களில். மானியம் கேட்காமல், மாணவர் கட்டணத்தில் மட்டுமே நடக்கும் பயிற்சி நிறுவனங்கள் தென் மாநிலங்களில் முளைத்தன. அவற்றுக்கு ஆள் சேர்ந்ததன் காரணம் வேலை கிடைக்கும் வழியில் இருந்தது. தமிழகத்தில் இடைநிலை ஆசிரியர் பணி பெரும்பாலான காலம் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பின்படி கிடைத்தது. சான்றிதழ் வாங்கிய நாளில் பதிவு செய்தால், அன்றிலிருந்து மூப்பு கணக்காகும். ஓராண்டு முன்னால் பதிந்தவர் பின்னால் பதிந்தவரைவிட முன்னே நிற்பார். மதிப்பெண்ணுக்கோ பாடம் நடத்தும் திறமைக்கோ அங்கே எடை குறைவு. ஆகவே அரசுப் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைக்காத பெண்ணை அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வைப்பதைவிட, கடன் வாங்கியாவது தனியார் நிறுவனத்தில் சேர்ப்பதே குடும்பத்துக்குக் கணக்காகப் பட்டது. அந்தக் கணக்கில் தவறில்லை, சான்றிதழ் செல்லும் என்றால்.

பல நிறுவனங்கள் அங்கீகாரத்துக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, பதில் வருமுன்னரே பெயர்ப்பலகை மாட்டிச் சேர்க்கை நடத்தின. தேர்வு நெருங்கியதும் கல்வித்துறை அனுமதிச் சீட்டு தர மறுக்கும். நிர்வாகம் உயர் நீதிமன்றம் போகும். தவறு செய்தது நிர்வாகம், தண்டனை ஏன் மாணவருக்கு என்ற வாதம் எழும். இரக்கத்தின் பேரில் தேர்வெழுத இடைக்கால உத்தரவு கிடைக்கும். அந்த உத்தரவைக் காட்டியே அடுத்த ஆண்டுக்கும் ஆள் சேர்ப்பார்கள். இந்தச் சுழலில் அரசின் கையில் இருந்த ஒரே ஆயுதமான தேர்வு அனுமதி மழுங்கியது.

உச்ச நீதிமன்றம் இதை மூன்று தீர்ப்புகளில் கையாண்டது. ஆந்திரத்து நாகேஸ்வரம்மா வழக்கில் 1986-இல், அங்கீகாரம் இல்லாத பயிற்சி நிறுவன மாணவர்களைத் தேர்வெழுத விட மறுத்தது. இளம் பிள்ளைகளின் மனத்தை உருவாக்கப்போகும் ஆசிரியரைப் பின்வாசலால் அனுப்ப முடியாது என்பதே அதன் நோக்கு. தமிழகத்திலிருந்து போன புனித ஜோசப் ஆசிரியர் பயிற்சி நிறுவன வழக்கு 1991-இல் முடிந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, அங்கீகாரமற்ற நிறுவனத்தின் மாணவருக்குத் தேர்வெழுத உரிமை இல்லை என்று சொல்லிவிட்டு, மனிதாபிமான அடிப்படையில் மட்டும் அனுமதி தந்திருந்தது. உரிமை இல்லை என்று முடிவான பிறகு அப்படி உத்தரவிட இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. 1992-இல் மகாராஷ்டிர வழக்கு ஒன்றிலும் அதே நிலையை எடுத்தது. சட்டப்படி இத்தீர்ப்புகள் சரியானவை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் இழந்தவர்கள் கட்டணம் கட்டி, இரண்டு ஆண்டு வகுப்பில் உட்கார்ந்த மாணவர்கள்தாம். கட்டிய பணத்தைத் திரும்பப் பெற அவர்களுக்கு எளிய வழி எதுவும் இருக்கவில்லை. சேர்க்கும் நாளில் தடுக்காமல் தேர்வு நாளில் தடுக்கும் கட்டுப்பாடு ஏழைக் குடும்பத்தின் மேல்தான் விழும் என்பதை இக்காலம் தெளிவாகக் காட்டியது.

சிறுபான்மை நிறுவனங்களின் நிலை தனி. மதம் அல்லது மொழிச் சிறுபான்மையினர் கல்வி நிறுவனம் நிறுவி நடத்தும் உரிமையை அரசியலமைப்பின் 30-ஆம் பிரிவு காக்கிறது. 1974-இல் ஆமதாபாத் புனித சவேரியார் கல்லூரி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்த உரிமையை உறுதிசெய்தது. அங்கீகாரத்துக்கு நியாயமான நிபந்தனை விதிக்கலாம் என்றும் ஏற்றது. தமிழகத்தின் பழைய பயிற்சிப் பள்ளிகளில் கணிசமானவை கிறித்தவ சபைகளுடையவை என்பதால் இந்த விவாதம் இங்கே ஏட்டளவில் நிற்கவில்லை. சேர்க்கையில் ஒரு பங்கு தங்கள் சமூகத்துக்கு, மீதி அரசு விதிப்படி என்ற சமரசமே நடைமுறையில் நிலைத்தது.

1992-இல் தமிழக அரசு கல்வி நிறுவனங்கள் நன்கொடை வாங்குவதைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. 1993 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் உன்னிகிருஷ்ணன் தீர்ப்பு, தனியார் தொழிற்கல்விக் கல்லூரிகளின் இடங்களைக் கட்டணமில்லா இடம், கட்டண இடம் எனப் பாதிப் பாதியாகப் பிரித்து, இரண்டையும் தகுதி அடிப்படையில் அரசு அமைப்பே நிரப்பச் சொன்னது. மருத்துவ, பொறியியல் கல்லூரிகளை முன்வைத்து எழுந்த தீர்ப்பு என்றாலும், ‘அரசு ஒதுக்கீடு’, ‘நிர்வாக ஒதுக்கீடு’ என்ற பேச்சு வழக்கை எல்லாத் தொழிற்படிப்புக்கும் பரப்பியது அக்காலம்தான்.

அதே 1993-இல் நாடாளுமன்றம் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமச் சட்டத்தை நிறைவேற்றியது. 1995-இல் நடைமுறைக்கு வந்த இச்சட்டத்தின் 14-ஆம் பிரிவு, குழுமத்தின் அங்கீகாரம் இல்லாமல் யாரும் ஆசிரியர் பயிற்சி தரக்கூடாது என்றது. 16-ஆம் பிரிவு, அங்கீகாரமற்ற நிறுவனத்தை எந்தப் பல்கலைக்கழகமும் இணைத்துக்கொள்ளக் கூடாது, எந்தத் தேர்வு அமைப்பும் அதன் மாணவருக்குத் தேர்வு நடத்தக் கூடாது என்றது. 17-ஆம் பிரிவின்படி, அங்கீகாரம் இழந்த பின்னும் தரப்படும் சான்றிதழ் அரசு வேலைக்குச் செல்லாது. எத்தனை மாணவர் என்பதையும் குழுமமே நிர்ணயிக்கும். பழைய தேர்வுப் பிடி இப்போது மத்தியச் சட்டமாகிவிட்டது. தென் மாநிலங்களின் கோப்புகள் பெங்களூருவில் இருந்த தென்மண்டலக் குழுவுக்குப் போயின.

மாநிலத்துக்கு மிச்சமிருந்தது தடையின்மைச் சான்று மட்டும். புதிய நிறுவனம் தொடங்க மாநில அரசின் அந்தச் சான்று வேண்டும் என்ற விதி செல்லும் என்று 2003-இல் புனித ஜான் ஆசிரியர் பயிற்சி நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் 2006 மார்ச்சில், மகாராஷ்டிர அரசு ஆசிரியர் தேவை இல்லை என்ற கொள்கையைக் காட்டிக் கல்லூரிகளை மறுத்த வழக்கில், இறுதி அதிகாரம் தேசியக் குழுமத்துக்கே, மாநிலம் குறுக்கே நிற்க முடியாது என்று தீர்ப்பானது. இந்த இரண்டாவது தீர்ப்பின் விளைவு பெரிது. ஆண்டுக்கு எத்தனை ஆசிரியர் ஓய்வு பெறுவார், எத்தனை பணியிடம் காலி என்ற கணக்கு மாநிலத்திடம் இருந்தது. இடங்களை அனுமதிக்கும் அதிகாரம் அந்தக் கணக்கைப் பார்க்கத் தேவையில்லாத அமைப்பிடம் போனது. 2000-க்குப் பிந்தைய பத்தாண்டில் தமிழகத்தில் நூற்றுக்கணக்கான தனியார் பயிற்சி நிறுவனங்களும் கல்வியியல் கல்லூரிகளும் திறக்கப்பட்டன.

இடங்களை நிரப்பும் வேலை மட்டும் மாநிலத்திடமே நின்றது. பிளஸ் டூ முடித்தோர் சேரும் ஆசிரியர் பட்டயப் படிப்புக்கு ஆசிரியர் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி இயக்ககம் ஒற்றைச் சாளர முறையில் கலந்தாய்வு நடத்தியது. 1,200-க்குப் பொதுப் பிரிவினர் 600, மற்றவர் 540 எடுத்திருக்க வேண்டியிருந்தது. மதிப்பெண் தரவரிசையில் பெயர் வந்தவர் மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றோடு வரவேண்டும். கூடவே பெரும்பாலும் அப்பாவோ அண்ணனோ வருவார். திரையில் நிறுவனம் வாரியாக, இனம் வாரியாகக் காலியிடம் ஓடும். அரசின் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களும் உதவி பெறும் பள்ளிகளும் முதலில் தீரும். கீழே இருப்பவருக்குத் தனியார் நிறுவனங்கள் அரசுக்கு ஒப்படைத்த இடங்கள்தாம். விடுதி வசதி, பேருந்து, கட்டணம் மூன்றையும் சில நிமிடங்களில் கணக்குப் போட்டு ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். சொன்னதும் ஒதுக்கீட்டு ஆணை கையில் வரும். கிராமத்து முதல் தலைமுறைப் படிப்பாளிக்கு இந்த முறை செய்த நன்மை பெரிது: யாரையும் தெரிந்திருக்க வேண்டியதில்லை, மதிப்பெண் மட்டும் போதும். நிர்வாக ஒதுக்கீட்டில் அந்தப் பாதுகாப்பு இல்லை.

பி.எட். சேர்க்கை இரண்டு தடங்களில் ஓடியது. 7 அரசுக் கல்லூரிகள், 14 உதவி பெறும் கல்லூரிகளின் இடங்களைச் சென்னை லேடி வில்லிங்டன் கல்வியியல் நிறுவனம் நடத்திய கலந்தாய்வு நிரப்பியது. இதில் இனவாரியாகக் குறைந்தபட்ச மதிப்பெண் வேறுபட்டது: பொதுப் பிரிவுக்கு 50 விழுக்காடு, பிற்படுத்தப்பட்டோருக்கு 45, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 43, பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 40. நூற்றுக்கணக்கான சுயநிதிக் கல்லூரிகளில் சேர்க்கை நிர்வாகத்தின் கையிலேயே பெரும்பாலும் இருந்தது. அவை 2008 வரை வெவ்வேறு பல்கலைக்கழகங்களோடு இணைந்திருந்தன. ஒரே மாநிலத்தில் ஒரே பட்டத்துக்குச் சேர்க்கைக் கடைசி நாளும் தேர்வும் வேறு வேறு. இதைச் சீர்செய்ய 2008-இல் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. சேர்க்கைப் பட்டியலை ஒப்புதலுக்கு அனுப்புவதும், தகுதி மதிப்பெண் இல்லாதவரை நீக்குவதும் ஒரே இடத்துக்கு வந்தன.

இதற்கிடையில் சட்டத்தின் தரை மாறிக்கொண்டே இருந்தது. 2002 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் டி.எம்.ஏ. பாய் வழக்கின் 11 நீதிபதிகள் அமர்வு உன்னிகிருஷ்ணன் திட்டத்தைக் கைவிட்டது. 2003-இல் இஸ்லாமிக் அகாடமி தீர்ப்பு, கட்டணத்தையும் சேர்க்கையையும் கவனிக்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியின் தலைமையில் குழுக்கள் அமைக்கச் சொன்னது. 2005 ஆகஸ்டில் இனாம்தார் தீர்ப்பு, உதவி பெறாத நிறுவனங்கள் மேல் அரசு தன் ஒதுக்கீட்டைத் திணிக்க முடியாது என்றது. நன்கொடையையும் கொள்ளை லாபத்தையும் தடுக்க மட்டும் இடம் விட்டது. உடனே அரசியலமைப்பின் 93-ஆம் திருத்தம் வந்து 15(5) பிரிவைச் சேர்த்தது. அதைக்கொண்டு தமிழக அரசு 2006-இல் தனியார் கல்வி நிறுவனங்களிலும் இடஒதுக்கீட்டுச் சட்டம் இயற்றியது. சிறுபான்மை நிறுவனங்கள் இதற்கு வெளியே. நான்கே ஆண்டுகளில் விதி இத்தனை முறை திரும்பியதில், அரசாணைகள் தீர்ப்புகளைத் துரத்திக்கொண்டிருந்தன.

இவை அனைத்தும் தொடாத ஒரு குறை இருந்தது. சேர்ந்தவர் வகுப்புக்கு வருகிறாரா என்பது எந்தப் பட்டியலிலும் தெரியாது. பெயரைப் பதிந்து, கட்டணம் கட்டி, தேர்வுக்கு மட்டும் வருவதும், கற்பித்தல் பயிற்சிக் குறிப்பேடுகளைக் காசு கொடுத்து எழுதி வாங்குவதும் நாடெங்கும் எழுந்த புகார். மகாராஷ்டிரத்தில் கல்லூரிகளுக்கு மொத்தமாக அனுமதி தந்த விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் நியமித்த நீதிபதி ஜே.எஸ். வர்மா ஆணையம் 2012-இல் அறிக்கை தந்தது. பணிக்கு முந்தைய ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு அரசு சாராதவை என்று அது சுட்டியது. அதன் தொடர்ச்சியாக 2014-இல் வந்த புதிய விதிகள் பி.எட். படிப்பை இரண்டு ஆண்டாக்கின. ஒரு பிரிவுக்கு 50 மாணவர் என்றன. பள்ளியில் 20 வாரப் பயிற்சியையும், வகுப்புக்கு 80 விழுக்காடு, பள்ளிப் பயிற்சிக்கு 90 விழுக்காடு வருகையையும் கட்டாயமாக்கின.

சேர்க்கையைக் கடைசியில் அடக்கியது வேறொன்று. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ், அதே ஆண்டு ஆகஸ்டில் தேசியக் குழுமம் ஆசிரியர் தகுதித் தேர்வைக் கட்டாயமாக்கியது. தமிழகத்தில் 2012 ஜூலையில் நடந்த முதல் தேர்வை 6 லட்சத்துக்கும் அதிகமானோர் எழுதினர். தேறியவர் 2,448 பேர். கேள்வித்தாள் கடினம், நேரம் போதவில்லை என்ற குறைகள் எழுந்து சில மாதங்களில் மறுதேர்வு நடந்தது என்றாலும், செய்தி வீடுகளுக்கு எட்டிவிட்டது. சான்றிதழ் வாங்கிப் பதிந்தால் வேலை என்ற பழைய கணக்கு அன்றோடு முடிந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் பட்டயப் படிப்புக் கலந்தாய்வுக்கு வருவோர் குறைந்தனர். இடங்கள் ஆயிரக்கணக்கில் காலியாகக் கிடந்தன. தனியார் நிறுவனங்கள் ஒவ்வொன்றாக மூடின. அரசின் மாவட்ட நிறுவனங்கள் பலவற்றிலும் சேர்க்கை நின்றது. நிறுவனங்கள் பெருகிய காலத்தில் கடன் வாங்கிப் படித்து, பதிவு மூப்பை நம்பிக் காத்திருந்தவர்கள் மட்டும் இரண்டு முறைகளுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டார்கள். அவர்களின் போராட்டம் சென்னை வீதிகளில் பல ஆண்டுகள் தொடர்ந்தது.

2023 ஆகஸ்டில், பி.எட். படித்தவர் தொடக்க வகுப்புகளுக்கு ஆசிரியராகத் தகுதியுடையவர் அல்லர் என்று ராஜஸ்தான் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததால், இடைநிலை ஆசிரியர் பணிக்குப் பட்டயப் படிப்பே மீண்டும் உரிய வழியாயிற்று. அதே ஆண்டில், பிளஸ் டூ முடித்தோருக்கான நான்கு ஆண்டு ஒருங்கிணைந்த ஆசிரியர் கல்விப் படிப்புக்குத் தேசிய அளவிலான நுழைவுத் தேர்வைத் தேசியத் தேர்வு முகமை நடத்தத் தொடங்கியது. தமிழகத்தின் கல்வியியல் கல்லூரிகளில் மாணவர் சேர்க்கை இன்றும் மாநிலக் கலந்தாய்வு, நிர்வாகச் சேர்க்கை என்ற இரு வழிகளிலேயே நடக்கிறது.